எல்லோரும் சிவப்பு, நான் மட்டும் கறுப்பு

1

நான் ஒரு முட்டாள் என்பதை நீங்களாகக் கண்டுபிடிப்பதற்குள் நானே சொல்லிவிடுவது மரியாதை. இந்த லீவில் ஊருக்கு வந்து நான் செய்த காரியங்களைக் கேளுங்கள். மஸ்கட்டில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மகளுக்குப் புதுக்கோட்டையில் பள்ளிக்கூடம் தேடினேன். கந்தர்வக்கோட்டை பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் வாடகைக்குக் கடை கேட்டுப் போய், கடைக்காரரிடம் பேச்சு வாங்கிக்கொண்டு திரும்பினேன். முறுக்குச் சுடக் காயவைத்த எண்ணெயை அடுப்பிலிருந்து இறக்க வைத்தேன். இவற்றுக்கெல்லாம் முத்தாய்ப்பாக என் முதலாளிக்கு ஒரு மெயில் அனுப்பினேன். அந்த மெயிலை நினைத்தால் இப்போதும் செருப்புக்குள் கால்விரல்கள் மடங்கிக்கொள்கின்றன.

இத்தனைக்கும் காரணம் எங்கள் கம்பெனியின் லாப நஷ்டக் கணக்கு, ஒரே ஒரு பக்கம். அதை நான் படித்துவிட்டேன். நான் பி.காம். படித்தவன் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வேறு யாராவது சொல்லி உங்களுக்கு அதிர்ச்சியாகிவிடக் கூடாது.

2

கந்தர்வக்கோட்டைக்குப் பக்கத்தில் முந்திரிக் காட்டு ஊர் எங்களுடையது. வானம் பார்த்த பூமி. கடல் என்பதை நான் முதன்முதலில் பார்த்தது கல்யாணமான பிறகுதான். அப்படிப்பட்டவன் மஸ்கட்டில் ஒரு பெரிய பல்பொருள் அங்காடிக் கம்பெனியில் மீன் பிரிவு மேனேஜர். பில் போடும் வேலைக்குத்தான் போனேன். மீன் பிரிவுக்காரர் ஒரு நாள் வேலையை விட்டுப் போக, முதலாளி என்னைக் கூப்பிட்டு, "உங்கள் மாநிலத்தில் கடல் இருக்கிறதல்லவா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

முதலாளியின் பெயர் ஹமூத். உள்ளூர்க்காரர், நல்ல மனிதர், பேச்சுதான் பஞ்சம். மெயிலில் இன்னும் மோசம். லீவு கேட்டு அரைப் பக்கம் எழுதினால் "போங்கள்" என்று வரும். போன வருடம் நான் ஒரு திட்டம் எழுதி அனுப்பினேன். நம்ம ஊர்க்காரர்கள் அங்கே அத்தனை பேர் இருக்கிறார்கள். சங்கரா, விளமீன், நண்டு என்று நம் கடற்கரை மீனைத் திருச்சியிலிருந்து விமானத்தில் கொண்டுவந்தால் அடித்துப் பிடித்து வாங்குவார்கள் என்று இரண்டு பக்கம் உணர்ச்சி பொங்க எழுதியிருந்தேன். பதில்: "முயலுங்கள்."

முயன்றேன். ஊர் மீன் என்று தமிழிலேயே ஒரு போர்டு வைத்தேன். வந்தார்கள். மீனைப் பார்த்தார்கள். "அய்யோ, நம்ம ஊரு மீனு!" என்றார்கள். போட்டோ எடுத்துக் குடும்பக் குரூப்பில் போட்டார்கள். சிலர் கண் கலங்கினார்கள். அப்புறம் விலையைப் பார்த்துவிட்டு, கோழி இருக்கும் பக்கம் போனார்கள். ஆனால் கவுண்டரில் எப்போதும் கூட்டம். கூட்டம் இருந்தால் வியாபாரம் என்று நினைத்துக்கொண்டேன். பி.காம். என்று சொன்னேன் அல்லவா.

இதற்கு நடுவில்தான் கம்பெனியில் ஒரு புது சாஃப்ட்வேர் வந்தது. முன்பெல்லாம் லாப நஷ்டக் கணக்கு அக்கவுண்ட்ஸ் அறைக்குள்ளேயே பிறந்து அங்கேயே அடங்கிவிடும். இனி ஒவ்வொரு பிரிவு மேனேஜரும் கணக்கைக் கணினியில் தாங்களே திறந்து படிக்க வேண்டும் என்று உத்தரவு. எங்களுக்கு ஒரு மதியம் வகுப்பு எடுத்தார்கள். இடது ஓரத்தில் கம்பெனி ஒரு மரம் மாதிரி இருக்கும். கிளையைத் தட்டினால் கடை, கடையைத் தட்டினால் பிரிவு. நடுவில் எண்கள். எந்த எண்ணைத் தட்டினாலும் அதற்கு அடியில் என்ன இருக்கிறதோ அது விரியும். மேலே மாதம், நாணயம், இன்னும் சில பொத்தான்கள். அந்த இன்னும் சில பொத்தான்களைப் பற்றி வகுப்பு எடுத்த பெண் விளக்கியபோது நான் வேறு கணக்கில் இருந்தேன். மறுநாள் ஊருக்குப் பயணம். மச்சினனுக்கு வாங்கிய மிக்ஸியை எந்தப் பெட்டியில் வைத்தால் எடை தாண்டாது என்று காகிதத்தில் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தேன்.

3

வெளிநாட்டிலிருந்து லீவில் வருகிறவனிடம் ஊரில் முதல் கேள்வி "எப்ப வந்தீங்க?". மூச்சு விடாமல் இரண்டாவது கேள்வி "எப்ப பயணம்?". இரண்டுக்கும் தேதியோடு பதில் சொல்லத் தெரிந்தால் நீங்கள் மதிப்பான ஆள். இரண்டாவதற்குக் கொஞ்சம் இழுத்தால் போச்சு. மறுநாளே டீக்கடையில் "கேன்சல்ல வந்துட்டாரு போல" என்று ஆகிவிடும். கேன்சல் என்றால் விசா கேன்சல். இங்கிலீஷே தெரியாதவர்கூட எங்கள் பக்கம் அந்த வார்த்தையைக் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்.

அதற்குக் காரணம் இருக்கிறது. போன வருடம் எங்கள் கம்பெனியில் ஜூஸ் கவுண்டர் நஷ்டம் என்று வெளியாளிடம் வாடகைக்கு விட்டுவிட்டார்கள். அதை நடத்திய ஆள் லீவில் ஊருக்குப் போயிருந்தார். அவருக்கு அங்கேயே செய்தி போயிற்று. அவருடைய சட்டை துணிமணிகளை நாங்கள்தான் பெட்டி கட்டி அனுப்பினோம். என் நிலைமை இன்னும் சிக்கல். என் வேலையில் என் விசா தொங்குகிறது. என் விசாவில் மனைவி செல்வியின் விசாவும் மகள் நிவேதாவின் விசாவும் தொங்குகின்றன. நிவேதாவுக்கு இது பன்னிரண்டாம் வகுப்பு. ஒரு ஆணி கழன்றால் மூன்று சட்டையும் கீழே விழும்.

இந்த லட்சணத்தில், ஊருக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகாதபோது, அக்கவுண்ட்ஸிலிருந்து மெயில். அரையாண்டுக் கணக்குத் தயார், லீவு முடிந்ததும் ஆய்வுக் கூட்டம், எல்லா மேனேஜர்களும் அதற்குள் படித்துவிட வேண்டும் என்று. செல்வி அப்போது மஸ்கட்டுக்குக் கொண்டுபோக முறுக்குச் சுட, எண்ணெயைக் காயவைத்துவிட்டு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நான் போனிலேயே திறந்தேன். அந்தச் சின்னத் திரையில் தெரிந்தது ஒரு கடையின் ஒரு ஓரம். காய்கறி: சிவப்பு எழுத்து, அடைப்புக்குறிக்குள். கீழே தள்ளினேன். இறைச்சி: சிவப்பு, அடைப்புக்குறி. பேக்கரி: சிவப்பு, அடைப்புக்குறி. அடைப்புக்குறிக்குள் போட்டால் நஷ்டம் என்று கல்லூரியில் படித்தது ஞாபகம் வந்தது. நான் படித்ததில் ஞாபகம் இருப்பது அது ஒன்றுதான்.

பயம் வந்துவிட்டால் அதற்குச் சாட்சிகள் தானாக வந்து வரிசையில் நிற்கின்றன. இரண்டு மாதம் முன்பு இலவச டீ மெஷினை எடுத்துவிட்டார்களே? குடோனில் பாதி விளக்கை அணைத்து வைக்கிறார்களே? ஹமூத் என்னை வழியனுப்பும்போது கையைப் பிடித்துக் குலுக்கினாரே, அவர் எப்போது கை குலுக்கியிருக்கிறார்?

"எண்ணெய இறக்கு" என்றேன்.

"ஏங்க?"

"முறுக்கு வேணாம். போறதே நிச்சயமில்ல."

4

செல்விக்கு ஊர் அன்னவாசல். அவள் தம்பி ராசு புதுக்கோட்டையில் அரிசி ஆலைகளுக்கும் ஜவுளிக் கடைகளுக்கும் கணக்கு எழுதித் தருகிறான். கம்ப்யூட்டரில்தான் எழுதுகிறான், பெரிய திரை வைத்திருக்கிறான். அங்கே போய் என் கணக்கைத் திறந்தோம். முழுப் பக்கமும் விரிந்தது. ரத்தக் காயம் மாதிரி இருந்தது.

"மாப்ள, அடைப்புக்குறி போட்டா என்ன?"

"நஷ்டம் மாமா."

"செவப்புல போட்டா?"

"அதுவும் நஷ்டந்தான்."

"ரெண்டும் சேத்துப் போட்டா?"

ராசு நாற்காலியைப் பின்னால் தள்ளி என்னை நிதானமாகப் பார்த்தான். "மாமா, நீங்க ரிட்டர்ன் டிக்கெட்டு பணம் திரும்பக் கெடைக்கிற மாதிரி எடுத்துருக்கீங்களா?"

பிறகு அவனே ஒவ்வொரு வரியாக விரலை வைத்துக் கீழே வந்தான். காய்கறி நஷ்டம். இறைச்சி நஷ்டம். பேக்கரி, துணி, பாத்திரம் எல்லாம் நஷ்டம். மொத்தக் கம்பெனி, கடைசி வரி, தடித்த சிவப்பில் பெரிய அடைப்புக்குறி. "ஏ அப்பா" என்றான். விரல் சட்டென்று ஓரிடத்தில் நின்றது.

"மாமா! இங்கிட்டுப் பாருங்க. ஒங்க மீனு மட்டும் தப்பிச்சிருச்சு!"

ஆமாம். மீன் பிரிவுக்கு நேரே ஒரு எண், சாதாரணக் கறுப்பு எழுத்தில், அடைப்புக்குறி இல்லாமல், அந்தச் சிவப்புக்கு நடுவில் தன்னந்தனியாக நின்றது.

அந்த நேரத்தில் என் வயிற்றில் பயத்துக்குப் பக்கத்திலேயே ஒரு அற்ப சந்தோஷமும் உட்கார்ந்தது. கப்பல் மூழ்குகிறது, ஆனால் என் அறையில் மட்டும் தண்ணீர் வரவில்லை. ராசு போனில் டீ சொன்னான். "எங்க மாமாவுக்கு ஸ்பெஷலாப் போடுப்பா" என்று கடைக்காரரிடம் போனிலேயே கத்தினான்.

வீட்டுக்கு வந்து செல்வியிடம் சொன்னேன். கெட்டதை மெதுவாகவும் நல்லதைச் சத்தமாகவும் சொன்னேன்.

"கம்பெனியே முழுகிப் போனா ஒங்க மீனு மட்டும் நீந்துமா?" என்று கேட்டாள்.

எனக்கு அது தோன்றியிருக்கவில்லை.

5

அதற்கப்புறம்தான் பள்ளிக்கூடம். புதுக்கோட்டையில் ஒரு பள்ளிக்கு நிவேதாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அவளிடம் "சும்மா விசாரிச்சு வைப்போம்" என்று மட்டும் சொல்லியிருந்தேன். அலுவலகத்தில் இருந்தவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"பன்னெண்டாப்பா? இப்ப நடுவுல எப்புடிங்க சேக்க முடியும்? பதினொண்ணுலயே அங்கிட்டுப் பேரு பதிஞ்சிருப்பாங்க. மாத்தறதுன்னா மேல எழுதி உத்தரவு வாங்கணும்."

"எழுதலாங்க."

"டி.சி. வேணும். அதுல அந்த ஊரு ஆபீசுல சீல் வச்சு, அப்புறம் நம்ம தூதரகத்துல சீல் வச்சு வாங்கியாரணும்."

"வாங்கலாங்க."

"வேலை இருக்கறப்பவே இதெல்லாம் வாங்கிருங்க. கேன்சல் ஆயிட்டா அங்கிட்டுப் போக முடியாது, இங்கிட்டு இருந்துக்கிட்டு வாங்கவும் முடியாது. போன வருசம் ஒருத்தரு இப்புடித்தான் அலையா அலைஞ்சாரு." அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். பிறகு நிவேதாவிடம் திரும்பினார். "பாப்பா, தமிழ் படிச்சிருக்கியாம்மா?"

"ஃப்ரெஞ்ச்" என்றாள் நிவேதா.

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு நான் உட்கார்ந்திருந்த பெஞ்சு கொஞ்சம் தாழ்ந்த மாதிரி இருந்தது.

வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் நின்றோம். நிவேதா வாய்க்குள் என்னவோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். கவனித்தேன். பஸ் போர்டுகளை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். "க...ந்...த...ர்..." என்று அவள் வருவதற்குள் பஸ் கிளம்பிவிடும். உடனே அடுத்த பஸ்ஸுக்குத் தாவுவாள். "அ...ற...ந்..." அதுவும் போய்விடும்.

"ஏம்மா இது?"

"பழகிக்கறேன்பா. ஆறு மாசத்துல எக்ஸாம் எழுதற அளவுக்கு வந்துருமா?"

சும்மா விசாரிக்க வந்தோம் என்று நான் சொன்னதை அவள் ஒரு நிமிடம்கூட நம்பவில்லை என்று அப்போது தெரிந்தது. மஸ்கட்டில் தமிழ் படி என்று நான் கெஞ்சியபோதெல்லாம் "உங்க ஊரு பாஷை எனக்கு எதுக்குப்பா?" என்று கேட்ட பெண். இப்போது படிக்கிறாள். இப்படிப் படிக்க வேண்டும் என்று நான் கேட்டதில்லை. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, கந்தர்வக்கோட்டை பஸ் இது இல்லை என்று தெரிந்தும் நம்பரைப் பார்க்கிற மாதிரி நின்றேன்.

கடை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது சுருக்கமாகவே முடிந்தது.

"என்ன யாவாரங்க?" என்றார் கடைக்காரர்.

"மீன்."

"மீமிசல் கடக்கரைலேர்ந்து விடிஞ்சும் விடியாம ஆளு வண்டியில கொண்டாந்து, அடுப்படி வாசல்லயே வெட்டிக் குடுத்துட்டுப் போறான். ஒங்ககிட்ட வந்து எவன் வாங்குவான்?"

"நான் வெளிநாட்டுல மீன் பிரிவு மேனேஜர்ங்க."

"முந்திரிக் காட்டுக்காரரு மீனு வித்தா, மீன்காரரு அங்க முந்திரி விப்பாரோ?" என்றார்.

6

இதெல்லாம் சேர்ந்து என்னை உந்தித் தள்ளியதில்தான் அந்த மெயிலை எழுதினேன். ஜூஸ் கவுண்டர்க்காரர் வாய் திறக்காமல் இருந்து கேன்சலானார். நாம் வாய் திறப்போம் என்று முடிவெடுத்தேன். இங்கிலீஷில் எழுதியது, தமிழில் இப்படி வரும்:

"மதிப்பிற்குரிய ஐயா, எல்லாப் பிரிவுகளும் நஷ்டத்தில் தத்தளிக்கும் இந்தச் சோதனையான நேரத்தில், மீன் பிரிவு ஒன்றுதான் லாபத்தில் நிற்கிறது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். ஊர் மீன் திட்டமே இதற்குக் காரணம் என்று நம்புகிறேன். மற்ற மேனேஜர்களுக்கு வழிகாட்ட நான் எப்போதும் தயார். தாங்கள் மீன் பிரிவை மட்டும் தனியாகக் கவனிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்."

இதை ஹமூத்துக்கு மட்டும் அனுப்பியிருந்தால்கூடப் பரவாயில்லை. வழிகாட்டத் தயார் என்று சொன்ன பிறகு, வழி தெரியாதவர்களுக்கும் ஒரு நகல் போவதுதானே முறை? எல்லா மேனேஜர்களுக்கும் நகல் போட்டேன்.

ஹமூத்திடமிருந்து பதில் இல்லை. பேக்கரி மேனேஜர் மட்டும் ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினார். வாழ்த்து என்று எடுத்துக்கொண்டேன்.

செல்வியிடம் மெயிலைப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "நஷ்டத்துல கெடக்கற ஆளுக கண்ணு முன்னால போயி நாங்க லாபம்னு நிக்கிறீங்களே, கண்ணு படாதா?" என்றாள். அவளுக்குக் கணக்கு தெரியாது என்று நான் சிரித்தேன். அந்த லீவில் நான் வாய்விட்டுச் சிரித்தது அந்த ஒரு முறைதான். அன்று பார்த்துத்தானா சிரிக்க வேண்டும்.

7

பயணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது ராசுவின் அலுவலகத்துக்குத் தனியாகப் போனேன். எனக்கு ஒரு ஆசை. ஆய்வுக் கூட்டத்தில் என்னைப் பேசச் சொல்வார்கள். எப்படிச் சாதித்தீர்கள் என்று கேட்பார்கள். அதற்கு நாலு பாயிண்ட் குறித்துக்கொள்ள வேண்டும். அதோடு என் கறுப்பு எண்ணை இன்னொரு முறை கண் குளிரப் பார்க்க வேண்டும்.

ராசு ஆலைக்குப் போயிருந்தான், அவன் கம்ப்யூட்டரில் நானே கணக்கைத் திறந்தேன். திரையில் என் எண் அப்படியே நின்றது. எந்த எண்ணைத் தட்டினாலும் அடியில் இருப்பது விரியும் என்று வகுப்பில் சொன்னது ஞாபகம் வந்தது. தட்டினேன்.

விரிந்தது. மேலே விற்பனை. சிவப்பு, அடைப்புக்குறி. அதற்குக் கீழே மீன் கொள்முதல், விமானக் கூலி, ஐஸ், சம்பளம், கெட்டுப்போய்க் கொட்டியது. எல்லாம் அழகான கறுப்பு.

விற்பனை எப்படி மைனஸில் போகும்? மீனையும் கொடுத்து, வாங்கியவருக்குக் காசையும் கொடுத்து அனுப்பினோமா? கொட்டிய மீன் எப்படிக் கறுப்பில், லாபம் மாதிரி நிற்கும்? பக்கத்தில் இறைச்சிப் பிரிவைத் தட்டிப் பார்த்தேன். அங்கேயும் அதே கதை. விற்பனை சிவப்பு, செலவெல்லாம் கறுப்பு. பேக்கரியிலும் அப்படியே.

கல்லூரியில் கடைசி பெஞ்சில் தூங்கிக்கொண்டே கேட்ட பாடம் இத்தனை வருடம் கழித்து எழுந்து வந்தது. வரவு ஒரு பக்கம், பற்று ஒரு பக்கம். கம்ப்யூட்டருக்குள் அந்த இரண்டு பக்கத்தைப் பிரித்து வைக்க ஒன்றுக்கு மைனஸ் போடுகிறார்கள். வருமானத்துக்கு மைனஸ். செலவுக்கு பிளஸ். அது கணக்கு எழுதுகிறவர்களின் உள்வீட்டு வழக்கம். அப்படியென்றால் கூட்டிக் கழித்துக் கடைசி வரியில் மைனஸ் வந்தால் வருமானம் அதிகம், அதாவது லாபம். அடைப்புக்குறி இல்லாமல் வந்தால்?

நான் அந்த வாக்கியத்தை மனதுக்குள் முடிக்கவில்லை. முடிக்கப் பயமாக இருந்தது.

திரையின் மேல் வலது மூலையில் ஒரு சின்னக் கட்டம் இருந்தது. படிப்பவர்களுக்காகக் குறியை மாற்றிக் காட்டு என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. இன்னும் சில பொத்தான்கள் என்று சொன்னேனே, அதில் ஒன்று. ஜன்னலுக்கு வெளியே ஒருவர் நுங்கு வெட்டிக்கொண்டிருந்தார். அவர் இரண்டு நுங்கு வெட்டி முடிக்கும் வரை அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தட்டினேன்.

பக்கம் ஒரு முறை கண் சிமிட்டியது. காய்கறி கறுப்பானது. இறைச்சி கறுப்பு. பேக்கரி கறுப்பு, அதுவும் கொழுத்த கறுப்பு. மொத்தக் கம்பெனியும் கடைசி வரியில் நிமிர்ந்து நின்றது. பக்கம் முழுவதும் ஒரே ஒரு சிவப்பு, அடைப்புக்குறிக்குள் தன்னந்தனியாக.

மீன்.

கம்பெனி மூழ்கவில்லை. யாரும் மூழ்கவில்லை. என் அறையில் மட்டும்தான் தண்ணீர், அதுவும் கழுத்துவரை. போட்டோ எடுத்துவிட்டுக் கோழி வாங்கிப் போனவர்கள் எல்லோரும் அந்த அடைப்புக்குறிக்குள் வரிசையாகத் தெரிந்தார்கள். இது போதாதென்று, நஷ்டமே நாங்கள்தான், வந்து பாருங்கள் என்று நானே முதலாளிக்குத் தகவல் சொல்லி, ஊருக்கெல்லாம் நகலும் அனுப்பியிருக்கிறேன்.

ராசு வந்தான். திரையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். மறுபடி திரையைப் பார்த்தான்.

"யாரு மாமா கலரை மாத்துனது?"

விளக்கினேன். எந்த எண்ணையும் தட்டிப் பார்க்காமலே ஆமாம் போட்டவன் என்பதால் அவனுக்கும் வேர்த்தது. "எங்க ஆலைக் கணக்குலயெல்லாம் அடைப்புக்குறின்னா நஷ்டந்தான் மாமா" என்றான் பாவமாக. பிறகு ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "டீ சொல்லவா?" என்றான். இந்த முறை ஸ்பெஷல் என்று சொல்லவில்லை.

வீட்டில் செல்வியிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். போய் எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றினாள்.

"எதுக்கு இப்ப முறுக்கு?"

"கம்பெனி நல்லாத்தான இருக்கு. ஒங்களத் தொரத்தறதுன்னாலும் நேர்ல போயிதான தொரத்தப்படணும். வெறுங்கையோட எப்புடிப் போறது?"

8

முதல் மெயிலைத் திருத்தி இன்னொரு மெயிலை ராசுவின் அலுவலகத்திலேயே எழுதிவிட்டேன், ஆனால் அனுப்பவில்லை. ஊரில் இருக்கும்போது அனுப்பினால் "அங்கேயே இருங்கள்" என்று பதில் வந்துவிடுமோ என்று பயம். முதலில் விமானம் ஏற வேண்டும், உள்ளே நுழைய வேண்டும், அப்புறம் உண்மை பேசலாம். வீரன் என்றால் இப்படித்தான்.

மஸ்கட்டில் பாஸ்போர்ட் அதிகாரி என் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு அவர் திரையையே பார்த்தார். அவர் திரையில் நான் என்ன நிறத்தில் தெரிகிறேனோ என்று நின்றேன். பின்னால் செல்வி முறுக்கு டப்பாவை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். முத்திரை விழுந்தது. வெளியே வந்தோம். நிவேதா என் காதருகே, "அப்பா, அங்க ஒரு கடையில தமிழ்ல போர்டு இருக்கு, நான் படிச்சிட்டேன்" என்றாள். என்ன போர்டு என்று கேட்க எனக்குத் தெம்பில்லை.

வேலைக்கு வந்தேன். எல்லோரும் அன்பாக இருந்தார்கள். அந்த அன்பைத்தான் தாங்க முடியவில்லை. பேக்கரி மேனேஜர் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "வழிகாட்டி அய்யா, சௌக்கியமா?" என்று கேட்கிறார். ஜூஸ் கவுண்டரை எடுத்த வெளியாள் நேற்று என் மீன் கவுண்டரின் நீளத்தைக் காலால் அளந்துகொண்டு போனதைப் பார்த்தேன். ஒருவேளை அவர் சும்மா நடந்திருக்கலாம். எனக்கு இப்போது யார் நடந்தாலும் அளப்பது மாதிரிதான் தெரிகிறது. வீட்டில் நிவேதாவின் பரீட்சைப் பணம் கட்டும் தேதி காலண்டரில் வட்டம் போட்டு நிற்கிறது. செல்வி அதைப் பற்றிப் பேசுவதில்லை. புது திரைச்சீலை வாங்கலாம் என்று லீவுக்கு முன்பு சொல்லிக்கொண்டிருந்தாள். அதைப் பற்றியும் பேசுவதில்லை.

நாளை ஆய்வுக் கூட்டம். இன்று காலை, ஐஸ் கொட்டி மீன் அடுக்கி முடித்த கையோடு, ஊர் மீன் போர்டைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிட்டு, கவுண்டருக்குப் பின்னால் நின்றபடியே அந்த மெயிலை அனுப்பினேன். கணக்கைத் தலைகீழாகப் படித்துவிட்டேன் என்றும், ஊர் மீன் நஷ்டம் முழுக்க என் யோசனைதான் என்றும், அதை இன்றோடு நிறுத்திவிட்டேன் என்றும், பக்கத்துத் துறைமுக மீனை மட்டும் வைத்து ஆறு மாதத்தில் நேராக்கிக் காட்டுகிறேன் என்றும், மகள் பன்னிரண்டாம் வகுப்பு என்றும் ஒன்றுவிடாமல் எழுதியிருந்தேன். கடைசி வரி இப்படி: "ஆகவே, மீன் பிரிவைத் தனியாகக் கவனிக்கச் சொல்லி நான் அனுப்பிய முந்தைய மெயிலைத் தயவுசெய்து கவனிக்க வேண்டாம்."

கை ஈரத்தைத் துடைப்பதற்குள் பதில் வந்துவிட்டது. ஹமூத் இவ்வளவு சீக்கிரம் யாருக்கும் பதில் போட்டதில்லை.

"கவனித்துவிட்டோம்."